இரட்சகருக்கு வசனம் சொன்னவள்

படங்கள் பேசாத காலத்தில் என் வீட்டுக்காரர் பேசினார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட படக்கொட்டகை ஒன்று இருந்தது. சீன முதலாளி ஒருவர் அதை நடத்தினார்; தவுக்கே என்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தமிழாட்களுக்கென்று ஓர் ஆட்டம். படத்தில் ஆட்கள் வாயை அசைப்பார்கள். பிறகு கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்தாக இங்கிலீஷ் வரும். அதைப் படித்துத் தமிழில் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் வீட்டுக்காரர். ரயில்வே பட்டறையில் பாய்லர் தட்டுவது அவருக்கு வேலை. இருபது சுத்தியல் ஒன்றாக விழும்போதும் அவர் கூப்பிட்டால் கடைசி ஷெட்டுவரை கேட்கும். குவார்ட்டர்ஸ் முழுக்க அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாஸ்டருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

தெரிந்தவள் நான். கிள்ளானில் என் அப்பா ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். வீட்டில் இருந்தால் தம்பிகளோடு ஓயாமல் சண்டை போடுகிறேன் என்று என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளினார். நான் படிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புவரை படித்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தன் தங்கை பேசுவதுபோல இருக்கிறது என்று அங்கே பாடம் நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா என்னைப் பற்றிச் சொல்வார். பெண் பார்க்க வந்தவர்கள், “மாப்பிள்ளை எப்படிப் பேசுவார் தெரியுமா!” என்றார்கள். எந்த மொழியில் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள், ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசுக்கு முன்னால் நின்று, “இதுல என்ன புள்ள போட்டிருக்கு?” என்று ரகசியமாகக் கேட்டார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கொட்டகையில் அவருக்கு முன்னால் கதை சொன்னவர் கள்ளுப் பிரியர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, மீதிக் கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்ட தவுக்கே அன்றைக்கே அவரை வைத்துக்கொண்டார். படிக்கத் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. இவ்வளவு சத்தமாகச் சொல்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

முகங்களைப் பார்த்துக் கதையை ஊகித்தே ஒரு மாதம் ஓட்டினார். ஒரு படத்தில் கதாநாயகியைக் கதாநாயகனின் தங்கை என்று மூன்று ரீல் சொல்லிவிட்டார். அண்ணன் தங்கை பாசத்தில் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, நாலாம் ரீலில் அண்ணன் தங்கையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். “அடப்பாவி!” என்று கொட்டகையே எழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. “இவள் அவனுடைய கூடப்பிறந்தவள் அல்ல என்ற ரகசியம் இப்போதுதான் வெளிப்படுகிறது!” என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டார். அடுத்த வாரத்திலிருந்து நான் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வசதியும் இருந்தது. கொட்டகையில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகத்தான் உட்காருவார்கள். நடுவே நீளத்துக்கு ஒரு நீலத் துணி கட்டியிருக்கும். அதன் முன்பக்க முனையில் ஆண்கள் பக்கமாக அவர் நின்றார்; பெண்கள் பக்கமாக நான் உட்கார்ந்தேன். அட்டை வந்ததும் நான் படித்துத் தமிழாக்கி அவர் காதுக்குச் சொல்வேன். அவர் அதைக் கொட்டகைக்குச் சொல்வார். “திரும்பி வரேன்னு சொல்றான்” என்று நான் முணுமுணுத்தால், “கண்மணியே! கடலே வற்றினாலும் உன் அடியேன் திரும்பி வருவேன்!” என்று அங்கே முழக்கம் எழும்.

நாளாக ஆக ஒரு பழக்கம் படிந்துவிட்டது. நான் சொல்வது காதில் விழுந்தவுடன் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். நடுவில் மூளைக்கு வேலையில்லை. ஒரு நாள் வலி தாங்காமல், “தள்ளி நில்லுங்க, கால மிதிக்கிறீங்க” என்றேன். திரையில் தகப்பன் முன்னால் அழுதுகொண்டிருந்த ராஜகுமாரி, “தந்தையே, தள்ளி நில்லுங்கள்! காலை மிதிக்கிறீர்கள்!” என்று கதறினாள்.

என் பக்கத்து இடம் எப்போதும் ஷண்டிங் போர்ட்டரின் மனைவிக்கு. மடி நிறைய வறுத்த கச்சான் கடலையோடு வருவாள். படம் முடியும்வரை கொறிப்பாள். அந்தச் சத்தத்தில் நான் சொல்வது அவளுக்குக் கேட்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஆனபிறகு வீட்டுக்குக் காகிதங்கள் வர ஆரம்பித்தன. ஆஸ்பத்திரிச் சீட்டு, கோர்ட்டு சம்மன், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், எல்லாவற்றையும் அவர் கையில்தான் கொடுத்தார்கள். “வெச்சிட்டுப் போப்பா. சாப்பிட்டுட்டுப் பாக்கறேன்” என்பார். அடுப்படியில் நான் படித்துச் சொல்வேன். மறுநாள் காலையில் அவர் அதை வாசலில் நின்று விளக்குவார். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு எரியும். மறைக்காமல் சொல்கிறேன், வயிறு எரியும். ஒரே ஒரு காகிதத்தையாவது என் கையில் கொடுத்து, நீ படித்துச் சொல் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினேன். அதைவிடப் பெரிய ஆசை எனக்கு அப்போது இருந்ததில்லை.

இப்படி இருக்கையில், பட்டறையில் வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழாட்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற வேலை காலியானது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி வீடு தேடி வந்தார். கிராணி நம் வீட்டுக்கு வருவது சாதாரண விஷயமா? அந்த இடத்துக்கு என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியிருப்பதாகவும், திங்கட்கிழமை துரையைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, டைப் அடித்த கடிதம் ஒன்றைக் கொடுத்தார். இவர் அதைப் பிரித்துப் பார்த்தார். வரிக்கு ஒரு தலையாட்டல் என்று நான் பழக்கி வைத்திருந்தேன். கடிதத்தில் எட்டு வரி. இவர் பதினொரு தடவை ஆட்டினார்.

நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். கிராணி என்னைப் பார்த்துச் சிரித்து, “வீட்டம்மாவுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வருமோ?” என்று கேட்டார்.

“அதுக்கு என்னங்கய்யா தெரியும்? அடுப்படிதான்” என்றார் என் வீட்டுக்காரர்.

பயத்தில்தான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. கிராணி போனபிறகு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். துரை அறையில் நீலத் துணி கிடையாது, நான் உட்கார முனையும் கிடையாது, அங்கே என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் சோற்றைப் பிசைந்த விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் கொட்டகைக்குப் புதுப் படம் வந்திருந்தது. பழைய காலத்துக் கதை. எங்கோ ஒரு நாட்டில் ஒருவன் தன்னைக் கடவுள் அனுப்பிய இரட்சகன் என்று தானே சொல்லிக்கொள்கிறான். ஊர் அவன் பின்னால் போகிறது. இதெல்லாம் முதல் அட்டையிலேயே தெளிவாகப் போட்டிருந்தது. ஆனால் அதை நான் படித்து முடிப்பதற்குள் திரையில் அவனே வந்துவிட்டான். நீளத் தாடி, வெள்ளை அங்கி, பக்கத்தில் ஒரு செம்மறியாடு. என் வீட்டுக்காரர் பரவசமாகிவிட்டார். “இதோ! ஆண்டவர் எழுந்தருளுகிறார்!” என்றார்.

காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்த எங்களாட்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாலு பேர் முழங்காலே போட்டுவிட்டார்கள். பின் பெஞ்சுக்காரர்களுக்கு அவன் பெரிய சித்தராகத் தெரிந்தான். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். படச்சுருள் பக்கத்தில் தீப்பொறி ஆகாது. தவுக்கே, “அப்பி! அப்பி!” என்று, அதாவது நெருப்பு என்று மலாய் மொழியில் அலறிக்கொண்டு மணல் வாளியோடு ஓடிவந்து, கற்பூரத்தின்மேலும் இரண்டு பக்தர்கள்மேலும் கொட்டினார். முன் பெஞ்சில் பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். நாளைக்குத் துரையிடம் சொல்ல வேண்டுமே, அதற்காக மாஸ்டரின் இங்கிலீஷை நேரில் கேட்க வந்திருந்தார்.

“அது ஆண்டவர் இல்லீங்க. இவன் சும்மா தானே சொல்லிக்கிறான்” என்றேன் காதில். அவர் வாய் திறந்தது, கிராணியைப் பார்த்தது, மூடிக்கொண்டது. சொன்னதை மாற்றினால் மாஸ்டர் தவறாகப் படித்தார் என்றாகிவிடும். அதனால் மூன்று ரீலுக்கு நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். இரட்சகன் யாரோ ஒருவர் வீட்டுக் கோழியை வாங்கித் தின்றால், கோழிக்கு மோட்சம் கொடுத்தார் என்றார். மழை வரும் என்று அவன் சொல்லி மழை வராமல் போனபோது, மேகத்தின்மேல் இரக்கப்பட்டார் என்றார். ஒரு வருஷமாக நான் சொன்னதை அப்படியே சொன்ன வாய், கிராணி இருந்ததால் என்னைத் தள்ளிவிட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிக்கொண்டே போனது.

நாலாம் ரீலில் அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. இரட்சகன் கூடாரத்தில் தனியாக உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அதற்கு என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் துணிப் பக்கம் சாய்ந்து, “என்ன புள்ள போட்டிருக்கு? சொல்லு, சொல்லு” என்றார். நான் சொன்னேன். மறுபடியும் பழையபடி அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

கடைசி ரீல். ஊர்சனம் முழுக்க வெள்ளை உடுத்தி ஆற்றங்கரையில் நிற்கிறது. இன்றைக்கு ஆறு பிளந்து வழிவிடும் என்று அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். ஆறு தன் பாட்டுக்கு ஓடுகிறது. அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறான், வாயை அசைக்கிறான். அட்டை வந்தது. அதில், நான் வெறும் மனிதன் என்று மட்டுமே இருந்தது. சின்ன வரி. ஆனால் அட்டையை எடுக்காமல் வெகுநேரம் காட்டினார்கள்.

“நான் வெறும் மனுஷன்” என்றேன்.

“நான் வெறும் மனிதன்!” என்றார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“எனக்கு ஒன்றுமே தெரியாது!”

“பின்னாலேர்ந்து ஒருத்தி சொன்னதத்தான் நான் சத்தமாச் சொன்னேன்.”

“பின்னாலிருந்து ஒருத்தி சொன்னதைத்தான்...” அந்த இடத்தில்தான் மூளை விழித்துக்கொண்டது. ஆனால் வாய் ஏற்கனவே புறப்பட்டுவிட்டது. “...நான் சத்தமாகச் சொன்னேன்.” குரல் உடைந்து கீழே இறங்கியது.

நான் விடவில்லை. “அவளப் போயி அடுப்படின்னு சொல்லிட்டேன்.”

அவர் துணிப் பக்கம் திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை. அவர் வேண்டுமானால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம், எதையாவது இட்டுக்கட்டியிருக்கலாம். “அவளைப் போய் அடுப்படி என்று சொல்லிவிட்டேன்” என்று மெதுவாக, முழுசாகச் சொன்னார்.

பெண்கள் பக்கம் ஓவென்று அழுதது. ஆண்கள் பக்கத்திலும் மூக்கை உறிஞ்சினார்கள். திரையில் அந்த ஊர்சனம் என்ன செய்தது தெரியுமா? ஒருவர்கூட நம்பவில்லை. ஒரு கிழவி சிரித்துக்கொண்டே, அவர் நம்மைச் சோதிக்கிறார் என்றாள். இது நிஜமாகவே அட்டையில் இருந்தது. எல்லாரும் ஆற்றில் இறங்கினார்கள். அவன் பதறி ஓடி, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கரைக்குத் தள்ளினான். பிறகு தாடியைப் பிழிந்துகொண்டு தனியாக நடந்து போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மொத்த ஊரும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. படம் முடிந்தது.

வெளியே கிராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார். “என்னா மொழிபெயர்ப்பு! கோழிக்கு மோட்சம்னு நீங்க கிண்டல் பண்ணப்பவே புரிஞ்சுகிட்டேன். அட்டையில நாலு வார்த்தைதான்யா இருந்துச்சு. அதுக்குள்ள இவ்ளோ அர்த்தம் இருக்குன்னு எனக்கே தெரியாமப் போச்சு!”

“அய்யா, அது என் கதைங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க. சத்தியமா ஓர் எழுத்து தெரியாது” என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்தில் நின்ற எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கிராணி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “பாத்தீங்களா? நிறையப் படிச்சவன் இப்படித்தான் பேசுவான்” என்றார்.

“மாஸ்டர் நம்மளச் சோதிச்சுப் பாக்கறாரு லா” என்றார் கச்சான் விற்கிற அண்ணன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “நீ சொன்னதெல்லாம் அட்டையில இருந்துச்சா?” என்று கேட்டார்.

“மொத வரி இருந்துச்சு.”

“மிச்சம்?”

“அடுப்படியிலேர்ந்து வந்துச்சு.”

தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான் புள்ள” என்றார். நான் சண்டைக்கு எவ்வளவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், ஒன்றும் உபயோகப்படவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாளைக்குத் துரையிடமே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடு என்றார். எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா, படிப்பவள் என் மனைவி, அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தேன். விளக்கு அணைக்கும் நேரம்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததை அப்படியே சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதுதான் வினையாகப் போயிற்று. திங்கட்கிழமை துரை முன்னால் நிமிர்ந்து நின்று, மிஸ்ஸியம்மாவின் உச்சரிப்பில் ஒரு பிசிறில்லாமல் அந்த இரண்டு வரியையும் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இந்தப் பட்டறையில் இத்தனை சுத்தமான இங்கிலீஷை நான் கேட்டதே இல்லை என்று சிரித்து, தோளில் தட்டி, முதல் தேதியிலிருந்து வேலைக்கு வா என்று சொல்லிவிட்டாராம். வெளியே வந்து கிராணி விளக்கிச் சொன்னபோதுதான் தனக்கு வேலை கிடைத்த விஷயமே இவருக்குத் தெரிந்தது.

முதல் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு சிலேட்டு வாங்கினோம். தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு அடுப்படியில் என் முன்னால் உட்கார்ந்தார். ஸ்பேனரை மாற்றிச் சொன்னால் மண்டையில் குட்டினேன். மிஸ்ஸியம்மா குட்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே குட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கூலியாக நான் கேட்டது ஒன்றுதான்: கொட்டகையில் துணிக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி.

போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கொட்டகை நிரம்பியிருக்கும்போது, என்னை எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, “இத்தனை நாளாப் படிச்சது இவதான். நான் வெறும் சத்தம். இனிமே இவளே சொல்வா” என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “பாத்தியா! பொண்டாட்டிக்கும் சொல்லிக்குடுத்திட்டாரு மாஸ்டர்!” கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. கையை ஆட்டி ஆட்டி மறுத்தார். ஆட்ட ஆட்ட இன்னும் தட்டினார்கள். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

முதல் அட்டை வந்தது. படித்தேன். “கேக்கல!” என்றது பின் பெஞ்சு. பழக்க தோஷம், என் வீட்டுக்காரரின் வாய் திறந்துகொண்டது. உடனே தம் கையாலேயே பொத்திக்கொண்டார். நான் எழுந்து நின்று, கிள்ளானில் தம்பிகளைத் திட்டுகிற குரலை எடுத்தேன். பிறகு யாரும் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

படம் முடிந்து கூட்டம் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டது. நான் தனியாக நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். போர்ட்டரின் மனைவி மடியிலிருந்த கச்சான் தோலை உதறிவிட்டு என்னிடம் வந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு எழுதியதற்குப் பதில் வந்திருந்தது.

“அக்கா, இதப் படிச்சுச் சொல்லுங்க.”

“மாஸ்டர்கிட்ட குடுக்கலியா?” என்று கேட்டேன்.

“அவரு உங்ககிட்டத்தானே குடுப்பாரு” என்றாள். “ஒரு வருஷமா உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்.”

“அப்ப யாருகிட்டயும் ஏன் சொல்லல?”

“சொன்னா யாரு நம்புவாங்க அக்கா?” என்று காகிதத்தை என் கையில் வைத்தாள்.